மறந்துபோன சரணம்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். டிவியில் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை உன்ன மேடையேத்திக் கொண்டாடுறாரு, இதைவிட என்னடி வேணும்?" என்று போனில் கேட்டாய். அது போனில் சொல்லக்கூடியதில்லை. அதனால் எழுதுகிறேன்.

அவர் பாட்டு எனக்குப் பிடிபட்டதே இல்லை, அக்கா. ஊரே கிறங்குகிறது, எனக்கு மட்டும் பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் ஓடுவதுபோல் கேட்கிறது. மனிதர் தங்கம், அதுதான் சங்கடம். கெட்டவராக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அன்று மேடையில், எனக்காக எழுதிய பாட்டின் நடுவில் அவர் மைக்கை என்னிடம் நீட்டினார். சரணம் நினைவுக்கு வரவில்லை. நான் வெட்கப்படுவதாக நினைத்து, கூட்டமே பாடி முடித்தது. உனக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

நிகழ்ச்சி முடிந்ததும் ஒப்பனை அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். "என் பாட்டு உனக்குப் பிடிக்கவே பிடிக்காதா?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "பிடிக்காதுங்க."

சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கும்தான். இதுல இவங்களுக்கு என்ன பிடிச்சிருக்குன்னு முதல் பாட்டுலேர்ந்தே புரியல. நிறுத்தவும் முடியல."

நானாக அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் மேனேஜர் கதவைத் தட்டினார். "சார், அதே பாட்டை இன்னொரு தடவை கேக்குறாங்க. மேடத்தையும் கூட்டிட்டு வாங்க!"

அவர் பட்டனைப் போட்டுக்கொண்டே எனக்குச் சரணத்தைச் சொல்லித் தந்தார். இந்த முறை தப்பில்லாமல் பாடினேன். முன்வரிசையில் பலர் அழுதார்கள். ஏனென்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

உன்
தங்கை