பாலில் மருந்து வைத்ததாக என் மனைவி மீது நான் கொடுத்த புகாரை நீக்கக் கோருதல்

அனுப்புநர்
மா. சென்றாயன், த/பெ. மாது,
விவசாயி, சென்னப்பன் கொட்டாய்,
மாரண்டஹள்ளி அஞ்சல், பாலக்கோடு வட்டம்.

பெறுநர்
மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
தருமபுரி.

பொருள்: 3.7.1974 அன்று நான் கொடுத்த புகார் தவறானது – அதை நீக்கவும், அதைக் காட்டி நடக்கவிருக்கும் விசாரணையில் உண்மையை ஏற்கவும் வேண்டுதல் – மருந்தெடுக்கும் ஆண்டி என்பவர் மீது புகார்.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

1. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். இம்மனுவை யாரும் சொல்லித்தராமல் என் கையாலேயே எழுதுகிறேன். என் மனைவி செல்லம்மாள், ஏரியூர்ப் பக்கத்தில் முதல் கணவரை இழந்து, ஆறு வயது மகளுடன் என்னை மறுமணம் செய்துகொண்டவள். சென்ற தை மாதம் எனக்குக் கடும் காய்ச்சல் கண்டு உடல் உருக்குலைந்தது. அதைத் தேற்றுவதற்காக அவள் தன் அண்ணன் வீட்டிலிருந்து ஒரு கறவை மாட்டை ஓட்டி வந்தாள். காலையிலும் மாலையிலும் ஒரு பெரிய டம்ளர் பால் காய்ச்சிக் கொடுத்தாள். அதுவரை களியும் கூழும் மோரும்தான் என் ஆகாரம். டீயில் ஊற்றுவதைத் தவிர நான் பால் குடித்ததில்லை.

2. பத்து நாளில் வயிறு உப்ப ஆரம்பித்தது. குடித்த ஒரு மணி நேரத்தில் குடல் இரையும், பிடித்து இழுக்கும், காட்டுக்கு ஓட வேண்டும். இளைத்துப்போனேன். நான் இளைக்க இளைக்க அவள் டம்ளரை நிறைத்துக் கொடுத்தாள். அதே மாடு, அதே பானை, அதே பாலை அவளும் மகளும் குடித்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் செய்யவில்லை. என் டம்ளரில் மட்டும் என்ன விழுகிறது என்று பார்க்கத் தொடங்கினேன். அடுப்படியில் அவள் முதுகைத் திருப்பினால்கூட எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு நாள் டம்ளரை மாற்றி வைத்தும் பார்த்தேன். அன்றும் எனக்குத்தான் வயிறு போயிற்று. அதையும் அவள் முன்கூட்டியே அறிந்து செய்த தந்திரம் என்றே எண்ணினேன்.

3. ஆனி மாதம் பாலக்கோடு சந்தையில், செல்லம்மாளின் முதல் கணவருக்கு அண்ணனான பெரியண்ணன் என்னைத் தனியே அழைத்து, "எந்தம்பியும் இப்படித்தானுங்க, வயிறு ஊதி ஊதியே போயிட்டான்" என்றார். வயிற்றில் யாரோ வைத்த மருந்தை உறிஞ்சி எடுப்பதாகச் சொல்லும் ஆண்டியிடம் அவரே கூட்டிப்போனார். ஆண்டி என் வயிற்றில் ஒரு பித்தளைக் குழாயை வைத்து உறிஞ்சி, மயிர் சுற்றிய கறுப்பு உருண்டை ஒன்றை வாயிலிருந்து துப்பினார். "வூட்டுக்குள்ள இருக்கற கைதான் வெச்சிருக்குது" என்றார். உருண்டையை ஒரு தகர டப்பாவில் போட்டு எடுத்துவந்தேன்.

4. மறுநாள் எங்கள் சரகக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன். செல்லம்மாளை அழைத்து வந்து காலை முதல் பொழுது சாயும் வரை விசாரித்தார்கள். "நான் குடுத்தது பாலு மட்டுந்தானுங்க" என்பதைத் தவிர அவள் வேறு எதுவும் சொல்லவில்லை. முதல் கணவர் வாந்திபேதியில் இறந்ததையும், அதே வாரம் அவ்வூரில் வேறு மூன்று பேர் அப்படியே இறந்ததையும் திருமணத்துக்கு முன்பே அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். அதை நான் புகாரில் எழுதவில்லை. எழுதாதது மறதியால் அல்ல. ஐயா அவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

5. அவள் மாட்டை விட்டுவிட்டு, மகளை மட்டும் அழைத்துக்கொண்டு ஏரியூருக்குப் போய்விட்டாள். பாலைப் பக்கத்துக் காட்டுக்காரருக்கு விட்டுவிட்டேன். ஒரு வாரத்தில் என் வயிறு சரியாயிற்று. அவள் போனதும் நோயும் போனது என்று ஊர் முழுவதும் சொன்னேன்.

6. ஆவணியில் பாப்பிரெட்டிப்பட்டியில் இருக்கும் என் தங்கை முனியம்மாள் வீட்டுக்குப் போனேன். அவள் ஆசையாக ஒரு சொம்பு பால் கொடுத்தாள். சிறிது நேரத்தில் பழைய உப்பசமும் வலியும் பேதியும் வந்தன. நான் சொம்பை முகர்ந்து பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள். "எம் மேலயும் கேசு போடப் போறியாண்ணா?" என்று அழுதவள், என்னை விடாமல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள்.

7. அங்கிருந்த டாக்டரம்மா, பாலில் இயற்கையாகவே ஒரு சர்க்கரை உண்டு என்றும், பெரியவர்கள் பலருக்கு அதைச் செரிக்கும் சக்தி குறைந்துவிடும் என்றும், செரிக்காத சர்க்கரை குடலில் புளித்து வாயுவும் பேதியும் உண்டாக்கும் என்றும் சொன்னார். தயிரிலும் மோரிலும் அது குறைந்துவிடுவதால் அவை எனக்கு ஒத்துப்போகின்றன; டீயில் விடும் அளவு பால் உறுத்தாது; ஒரே பால் ஒருவருக்கு ஒத்துக்கொண்டு மற்றவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போவது உடம்பின் வாகு, விஷம் அல்ல என்றார். நான் போகுமிடமெல்லாம் மடியில் வைத்துத் திரிந்த டப்பாவிலிருந்த உருண்டையை வெந்நீரில் போடச் சொன்னார். வெல்லம் கரைந்து ஆட்டு மயிர் மிதந்தது.

8. உண்மையை மறைக்காமல் சொல்கிறேன். அந்த அம்மாளையும் நான் நம்பவில்லை. அவர் ஏரியூர்ப் பக்கத்தவரோ என்று கம்பவுண்டரிடம் விசாரித்தேன். வேலூர்க்காரர் என்றார். ஊர் திரும்பி, புதுச் சட்டி வாங்கி, என் கையால் மாட்டைக் கறந்து, கதவைத் தாழிட்டுக் காய்ச்சிக் குடித்தேன். வீட்டில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. உச்சிப் பொழுதுக்குள் மூன்று முறை காட்டுக்கு ஓடினேன். மூன்றாம் முறை வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன்.

9. ஏரியூர் சென்று செல்லம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "நான் சொன்னப்ப நம்புலீங்க, உங்க வயிறு சொன்னப்பத்தான் நம்புனீங்க" என்றாள். பிறகுதான் பெரியண்ணன் கோட்டாட்சியரிடம் கொடுத்துள்ள மனுவைப் பற்றிச் சொன்னாள். என் புகாரை ஆதாரமாகக் காட்டி, தம்பியின் சாவையும் விசாரிக்க வேண்டும் என்றும், மகளைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் அவர் கேட்டிருக்கிறார். வருகிற 21-ஆம் தேதி விசாரணை. இறந்தவரின் இரண்டு ஏக்கர் நிலம் அந்தக் குழந்தைக்குச் சேர வேண்டியது. இன்று அதை உழுபவர் பெரியண்ணன். சந்தையில் அவர் என்னைத் தேடி வந்தது எதற்காக, ஆண்டியிடம் முன்பே பேசி வைத்திருந்தாரா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஒரு முறை சந்தேகப்பட்டு ஒரு பெண்ணை நிலையத்தில் நிறுத்தியவன் நான். ஆகையால் என் சொல்லை அப்படியே ஏற்காமல், தாங்களே ஆள் வைத்து விசாரித்து அறியுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

10. எனவே, என் புகார் பொய்யானது என்று நிலையப் பதிவிலேயே எழுதி அவளுக்கு நகல் தரவும், 21-ஆம் தேதிக்கு முன் அந்த விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்கவும், ஆண்டியை அழைத்து விசாரிக்கவும் வேண்டுகிறேன். போன வாரமும் மாரண்டஹள்ளியில் ஒருவர் வயிற்றில் அவர் குழாய் வைத்ததாகவும், அந்த வீட்டு மருமகள் பிறந்தகத்துக்கு அனுப்பப்பட்டதாகவும் கேள்விப்படுகிறேன். டாக்டரம்மாவின் சீட்டை இத்துடன் இணைத்துள்ளேன். பொய்ப் புகாருக்காக என் மீது எடுக்கப்படும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்.

செல்லம்மாள் என் வீட்டுக்குத் திரும்பி வருவாளா என்று நான் அவளைக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. தங்கள் அலுவலகத்தால் தீர்க்கக்கூடிய விஷயம் அல்ல என்பதால் அதை இம்மனுவில் கோரவில்லை.

இடம்: சென்னப்பன் கொட்டாய்
நாள்: 14.10.1974

தங்கள் விசாரணைக்குக் காத்திருக்கும்,
மா. சென்றாயன்
(கையொப்பம்)