ஊற்றுவதற்கு முந்தைய படம்

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் நலம். நீங்களும் நலம் என்றுதான் எழுதுகிறீர்கள். நம்பித்தான் ஆக வேண்டும். பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது.

வேலை ஒப்பந்தத்தை இன்னும் ஓராண்டு நீட்டிக்கப் போவதாக ஒரே வரியில் எழுதியிருந்தீர்கள். காரணம் இல்லை. முன்பு அனுப்பிய படத்தில் உங்கள் பக்கத்தில், பிடித்திருப்பவர் முகம் தெரியாதபடி ஒரு பச்சைக் குடை. அடியில் யார் என்று கேட்டதற்கு, "கூட வேலை பாக்குறவங்க" என்றீர்கள். ஆணா பெண்ணா என்றேன். வேலை இருக்கிறது என்று போனை வைத்துவிட்டீர்கள். அன்றிலிருந்து தினம் நாலு தடவை கூப்பிட்டு அதையே கேட்டேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வில் புரதம் எங்கே ஒட்டுகிறது என்று பார்க்கிறேன். வளைந்த இடத்தில் புரதம் ஒட்டும். ஒட்டிய புரதம் அந்த இடத்தை இன்னும் வளைக்கும். வளைய வளைய மேலும் புரதம் வந்து சேரும். ஆறு மாதமாக நுண்ணோக்கியில் படம் எடுத்து, வளைவுதான் முதலில் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை எங்கள் பேராசிரியை கேட்டார்: "புரதம் ஊத்துறதுக்கு முன்னாடி எடுத்த படம் எங்கம்மா?" ஒன்றுகூட இல்லை. ஊற்றிய பிறகுதான் ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறேன்.

இந்த வாரம் முதலிலிருந்து செய்தேன். துளி ஊற்றினால், முன்பே வளைந்திருந்த இடமாகப் பார்த்துப் போய் ஒட்டுகிறது. நிறைய ஊற்றினால், வழவழவென்று இருந்த சவ்வும் வளைந்துபோகிறது. நான் எப்போதும் நிறையத்தான் ஊற்றியிருக்கிறேன்.

நேற்று உங்கள் அக்கா வந்திருந்தார். உங்களைப் பற்றிக் கொட்டித் தீர்த்தேன். "அவன் சின்ன வயசுல இருந்தே அப்படித்தாம்மா. தோண்டித் தோண்டிக் கேட்டா வாயை மூடிக்குவான். நீ எத்தனை தடவ கேட்ட?" என்றார். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

அவர் போன பிறகு உங்கள் கடிதங்களை எடுத்தேன். குடையைப் பற்றிக் கேட்பதற்கு முன் வந்தது ஆறு பக்கம். என் இருமலை மட்டும் மூன்று இடத்தில் விசாரித்திருக்கிறீர்கள். கேட்ட பிறகு ஒன்றரைப் பக்கம். கடைசியாக அந்த ஒரு வரி. உட்கார்ந்து அழுதேன். அதற்காகச் சந்தேகம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். குடை இன்னும் கண்ணை உறுத்துகிறது.

ஆனால் இனி கேட்க மாட்டேன். நீங்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை வீட்டுக்கு வந்துவிட்டுப் போங்கள். வாசலில் நீங்கள் செருப்பைக் கழற்றும்போது, நான் எதுவும் கேட்பதற்கு முன், உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி