கோடில்லாத சதுரத்தில் மிர்வா

ட்ரிப்போ,

கூடத்துத் தரையில் ஒட்டியிருக்கும் நாலு கறுப்புக் காகித வட்டங்களைக் குப்பை என்று பெருக்கிவிடாதே. ஒவ்வொன்றிலும் கால்வாசியை வெட்டி, வெட்டிய பக்கம் உள்ளே பார்க்க ஒட்டியிருக்கிறேன். நடுவில் ஒரு சதுரம் இருப்பதுபோலத் தெரியும்; பூனைகள் அதைப் பெட்டி என்று நினைத்து உள்ளே உட்காருமாம். நேற்று என்ன சிரிப்புச் சிரித்தாய்! "கோடே இல்ல, இதுல பூனை எங்கடி வந்து உக்காரும்? உனக்குத்தான் கண்ணு ஏமாத்துது."

காலையில் நீ படகுத்துறைக்குப் போனதும், வந்த நாளிலிருந்து அலமாரிக்கு அடியிலேயே கிடந்த மிர்வா மெல்ல வெளியே வந்தாள். வட்டங்களை மோந்து பார்த்தாள். பிறகு அந்த இல்லாத சதுரத்துக்குள் போய், வாலைக்கூட உள்ளே இழுத்துச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மத்தி மீனை அங்கேயே வைத்தேன். பதினைந்து நாளில் முதல் தடவையாக முழுசாகத் தின்றாள்.

பீன்ஸ் சூப் அடுப்பில் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள். எனக்கு நாலு மணி வரை பள்ளிக்கூடம். அவள் தூங்கினால் தூக்காதே.

டானிட்ஸா

பி.கு.: "இந்தப் பூனைய யார்கிட்டயாவது குடுத்துடு" என்று உன்னிடம் கத்தினேன் அல்லவா? மிர்வாவை அழைத்துப்போக என் அக்கா ஸோர்க்கா இன்று வருவதாக இருந்தது. உனக்குச் சொல்லவில்லை. இப்போதுதான் போன் செய்து, வர வேண்டாம் என்றேன்.