புத்தகக் கடையைச் சாவுக்கடை என்று எழுதியதை மாற்றக் கோரி

அனுப்புநர்:
உரிமையாளர்,
கிறிஸ்தவப் புத்தகக் கடை,
துணிக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில்,
கடைத்தெரு.

பெறுநர்:
நகராட்சி ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: எங்கள் புத்தகக் கடையை ‘ஈமப் பொருள் விற்பனை’ என வகை மாற்றியும், பெயர்ப்பலகையை அகற்றிவிட்டுக் கல்லறைச் சாலைக்கு இடம் மாறச் சொல்லியும் உரிமப் பிரிவு அனுப்பிய அறிவிக்கையை ரத்து செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இக்கடை எங்கள் தகப்பனார் தொடங்கியது. இப்போது நானும் என் தம்பியும் நடத்துகிறோம். வேதாகமம், பாட்டுப் புத்தகம், ஜெப நூல்கள், ஞாயிறு பள்ளிக் கதைப் புத்தகங்கள் ஆகியவையே எங்கள் சரக்கு. வேதாகமம் வாங்குவோருக்கு அட்டையில் பொன்னெழுத்தில் பெயர் பொறித்துத் தருகிறோம். பித்தளை எழுத்துகளைக் கோத்து, பொறியைச் சூடேற்றி, தங்கத் தாளை வைத்து அழுத்துவது தம்பியின் வேலை. பிறகு பக்க அடையாளத்துக்கு ஒரு நாடா. ஞானஸ்நானம், திருமணம், பிறந்தநாள் எதுவானாலும் சிவப்பு. சவப்பெட்டிக்குள் வைப்பதற்கானால் கருப்பு.

2. இன்று வேதாகமம் கைபேசியில் விற்கிறது. பதிப்பகத்தார் எங்களுக்குக் கொடுக்கும் விலையைவிடக் குறைத்து, இணைய வணிகர்கள் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். எங்கள் கடைக்கு வருகிறவர்கள் நிதானமாகப் புரட்டி, எழுத்து கண்ணுக்குத் தெரிகிறதா என்று ஒரு பாட்டை முணுமுணுத்துப் பார்த்து, அட்டையைப் படமெடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒருவர் எங்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இணையத்தில் வாங்கிவிட்டு, பகலில் அவர் வீட்டில் ஆள் இருக்காது என்பதால் பார்சலை எங்கள் கடை விலாசத்துக்கு வரச் சொல்லியிருப்பதாகத் தெரிவித்தார். அதையும் வாங்கிப் பத்திரமாக வைத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது? ஞாயிறு பள்ளிப் புத்தகங்களைச் சபையே இணையத்தில்தான் வாங்குகிறது. போதகர் ஐயா அதற்காக மிகவும் வருத்தப்பட்டார். அவர் வருத்தத்தை வைத்து வாடகை கட்ட முடியவில்லை. நாள் முழுக்க ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

3. இணையத்துக்கு ஒரே ஒரு குறைதான். சரக்கு வர இரண்டு நாள் ஆகும். சாவு வீட்டில் அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது. ஆகவே உயிரோடு இருப்பவர்களுக்கு அங்கே வாங்குகிறார்கள். இறந்தவர்களுக்கு மட்டும் எங்களிடம் ஓடி வருகிறார்கள். பெயர் பொறித்த வேதாகமம், மரச் சிலுவை, அடக்க ஆராதனைப் பாட்டுத் தாள் என்று கேட்பதை எடுத்துக் கொடுக்கிறோம். கடை இன்னும் திறந்திருப்பது இதனால்தான்.

4. இதை மனுவில் எழுதலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. யாரோ இறந்துவிட்டார் என்று அறிவிக்க ஆலய மணி விட்டுவிட்டு ஒற்றையாக அடித்தால், தம்பி எழுந்து போய்ப் பொறியின் சுவிட்சைப் போட்டுவிடுகிறான். தொலைபேசி அதற்குப் பிறகுதான் ஒலிக்கும். ஒருவரும் கூப்பிடாத வாரங்களில், கடை வாசலில் தடியூன்றிப் போகும் பழைய வாடிக்கையாளரைப் பார்த்தால், அவர் பெயருக்கு எந்தெந்த எழுத்து வேண்டும் என்று என் மனம் தானாகக் கோக்கத் தொடங்குகிறது. அவருடைய திருமணத்துக்குச் சிவப்பு நாடா வைத்துக் கொடுத்தவளும் நான்தான். என்ன பிழைப்பு இது என்று என்னையே எனக்குப் பிடிக்காமல் போகிறது ஐயா.

5. சம்பவத்துக்கு வருகிறேன். கடந்த மாதம் வங்கியில் வேலை பார்க்கும் பெண்மணி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். தம் தாயார் பெயர் பொறித்த வேதாகமம் அன்று மாலைக்குள் வீட்டுக்கு வந்தாக வேண்டும் என்றார். குரலை மிகவும் தாழ்த்திப் பேசினார். இப்படிக் கேட்பவர்களிடம் யாருக்கு, எதற்கு என்று நாங்கள் கேட்பதில்லை. துக்கத்தில் இருப்பவர் வாயால் அதைச் சொல்ல வைக்கக் கூடாது என்பது தகப்பனார் காலத்திலிருந்து வரும் மரியாதை. பெயரையும் நேரத்தையும் மட்டும் கேட்டுக்கொண்டேன். அன்று ஆலய மணி அடிக்கவில்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. அந்தத் தாயார் ஓய்வுபெற்ற செவிலியர். எனக்கு நன்றாகத் தெரிந்தவர். எழுத்துகளை எடுத்துக் கொடுக்கும்போதே அழுதேன். தம்பி கருப்பு நாடா வைத்துப் பெட்டியை மூடினான். நானே நேரில் கொண்டுபோனேன்.

6. கதவைத் திறந்தவர் அந்தச் செவிலியம்மாவேதான். ஆறுதல் சொல்ல வந்த வாய் பாதி வாக்கியத்தில் நின்றது. உள்ளே பலூன்கள் கட்டி, பேரப்பிள்ளைகள் எல்லாரும் கூடியிருந்தார்கள். அவருக்கு அன்று எண்பதாவது பிறந்தநாள். மகள் தாழ்ந்த குரலில் பேசியது, வங்கியில் வேலை நேரத்தில் சொந்தப் பேச்சு பேசக் கூடாது என்பதால். தடுப்பதற்குள் செவிலியம்மா பெட்டியைப் பிரித்துவிட்டார். கருப்பு நாடாவை அத்தனை பேரும் பார்த்தார்கள்.

7. மகளுக்கு வந்த கோபம் நியாயமானது. அவர் கொடுத்த புகாரில் துணிக்கடைக்காரரும் கையெழுத்திட்டார். கல்யாணத் துணி எடுக்க வருகிறவர்கள் எங்கள் கண்ணாடிக்குள் இருக்கும் சிலுவைகளைப் பார்த்து முகம் சுளிக்கிறார்களாம். உரிமப் பிரிவு ஆய்வாளர் வந்தார். கடைசியாக என்ன விற்றீர்கள் என்று கேட்டார். பெட்டிக்குள் வைக்க ஒரு சிலுவை என்றேன். அதற்கு முன்னால் என்றார். கருப்பு நாடா வைத்த வேதாகமம் என்றேன். அதற்கும் முன்னால் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் மாறியிருக்காது. சுவர் முழுக்க அடுக்கியிருந்த புத்தகங்கள் விற்கவில்லை என்பதால் அவை அவர் கணக்கில் வரவில்லை.

8. மறுவாரம் செவிலியம்மா கடைக்கு வந்தார். மன்னிப்புக் கேட்டேன். நாடாவைச் சிவப்பாக மாற்றித் தருவதாகச் சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டார், கருப்பாக இருந்தால் விட்ட பக்கம் சட்டென்று கண்ணில் படுகிறதாம். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேரைப் பார்த்தவர், நாடாவுக்கா பயப்படுவார். ஆனால் போகும்போது ஒன்று சொன்னார். “அன்னைக்குக் கதவத் திறந்ததும் நீ என்னைப் பார்த்தியே ஒரு பார்வை, அதுதாம்மா பயமா இருந்துச்சு. நான் உயிரோட இருக்கறது ஏதோ தப்பு மாதிரி.” அவர் படியிறங்கிப் போன பிறகும் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஆய்வாளர் எழுதியதைவிட அதுதான் என்னை உறுத்துகிறது. அன்று முதல் தகப்பனார் வழக்கத்தை விட்டுவிட்டு, யார் கூப்பிட்டாலும் யாருக்கு என்று கேட்கிறேன். துக்கத்தில் இருப்பவர்களிடமும் கேட்கிறேன். அவர்கள் சொல்கிறார்கள். சிலர் இறந்தவரைப் பற்றி நெடுநேரம் பேசவும் செய்கிறார்கள்.

9. ஐயா, சாவு வீட்டுக்கு உதவுவதை நாங்கள் இழிவாக நினைக்கவில்லை. ஆனால் அதற்காக மட்டும் இருக்கிற கடை என்று பலகை மாட்டிவிட்டால், உயிரோடு இருக்கும் ஒருவர்கூட எங்கள் படியேற மாட்டார். கல்லறைச் சாலைக்குப் போனால் நானும் தம்பியும் மணிச்சத்தத்துக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு எதற்கும் லாயக்கில்லாதவர்களாகிவிடுவோம். அதற்கு நாங்கள் கடையை இழுத்து மூடிவிடலாம்.

10. இதுவரை எழுதி முடித்தபோது தொலைபேசி ஒலித்தது. ஓர் ஆண் குரல். பெயர் போட்ட வேதாகமம் இன்றே வேண்டும், மாலையில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். யாருக்கு என்று கேட்டேன். அவர் சொன்னார்: “எனக்குத்தாங்க. நாளைக்கு ஆபரேஷன். படுத்துக்கிட்டே படிக்கணும், எழுத்து பெருசா இருக்குமா?” இருக்கும் என்றேன். தம்பி பொறியைச் சூடேற்றிவிட்டு, இரண்டு நாடாச் சுருளையும் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தான். சிவப்பு என்றேன். சிவப்புச் சுருளின் மேல் சுற்றுகள் வெயில் பட்டு வெளுத்திருந்தன. நல்ல நிறம் வரும்வரை பிரித்துக்கொண்டே போனோம்.

11. அறிவிக்கையின் கெடு நாளையோடு முடிகிறது. ஆகவே, தாங்கள் நேரில் வந்தோ வேறொரு அலுவலரை அனுப்பியோ சுவரில் உள்ள புத்தகங்களையும் பார்க்கச் செய்து, எங்கள் உரிமத்தைப் பழையபடி ‘புத்தக விற்பனை’ என்றே தொடர அனுமதிக்க வேண்டுகிறேன். அந்த மனிதருக்குக் கடைத்தெருவில் ‘புத்தகக் கடை’ என்ற பலகையைப் பார்த்து வரும்படி வழி சொல்லியிருக்கிறேன். இன்று மாலை பலகை இருக்கும். அவர் குணமாகி, அடுத்த புத்தகம் கேட்டு வரும் நாளிலும் அது அங்கேயே இருக்கத் தாங்கள் ஆவன செய்ய வேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: கடைத்தெரு
நாள்: கெடு முடிவதற்கு முந்தைய நாள், பிற்பகல்

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
புத்தகக் கடைக்காரர்

இணைப்பு: உரிமப் பிரிவின் அறிவிக்கை நகல், செவிலியம்மா தாமாகவே முன்வந்து எழுதிக் கொடுத்த ஆதரவுக் கடிதம்.