இரண்டாம் நம்பர் வண்டியின் பெல்ட்

ஜூலை 25, வெள்ளி

காலையிலிருந்தே புழுக்கம். ஆடி வெள்ளி, பெரியபாளையம் ரோடு முழுக்க வேப்பிலைக் கூட்டம். வேலை பார்க்கும் அட்வென்சர் பார்க்குக்கு லேட். முதலாளி முகம் கடுகடு.

மேடுபள்ளத்தில் ஓட்டும் நாலு சக்கர பைக்குகளில் இரண்டாம் நம்பர் ஏடிவி இழுக்கவில்லை. ஆக்சிலேட்டரை அழுத்தினால் என்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி நடக்கிறது. ரப்பர் கருகும் வாசனை வேறு. பக்கத்துக் கவரைக் கழற்றினேன். உள்ளே அடுப்புக்கரியை அரைத்துக் கொட்டியதுபோல் கறுப்புத் தூள். சக்கரத்துக்கு இழுவை கொடுக்கும் பெல்ட்டின் இரண்டு பக்கமும் பளபளவென்று தேய்ந்து, பல்லுக்குப் பல் வெடிப்பு. வெர்னியர் வைத்து அளந்தேன். புத்தகத்தில் சொன்ன அகலத்துக்கும் கீழே. மாற்றியே ஆக வேண்டும்.

முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஞாயித்துக்கெழம கூட்டம் போவட்டும்டா. அதுவரைக்கும் ஓட்டு." எரிச்சலாக வந்தது. அதையே திரும்ப மாட்டி, வண்டியை ஓரம் கட்டினேன்.

வாங்க: தக்காளி, துணி சோப்பு, பாப்பாவுக்கு ஸ்கெட்ச் பேனா.

ஜூலை 26, சனி

மாணிக்கம் அண்ணன் இன்று ஒரே குஷி. கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லில் எனக்கு சீனியர். மில்லை மூடியதும் என்னை இங்கே சேர்த்துவிட்டவர். வருகிறவர்களுக்கு ஏடிவி ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் வேலை. பெல்ட் வழுக்குவதையும் முதலாளி சொன்னதையும் நேற்றே அவரிடம் சொல்லியிருந்தேன். கோயில் பக்கத்து நாட்டு மருந்துக் கடையிலிருந்து ஒரு பொட்டலம் குங்கிலியப் பொடியோடு வந்தார். மில்லில் பெல்ட் வழுக்கினால் அதைத்தான் தூவுவோம். கப்பென்று கவ்விக்கொள்ளும்.

"அண்ணா, இது மில்லு பெல்ட்டு இல்ல. ஆக்சிலேட்டர வுட்டா இதுவும் வுடணும். ஒட்டிக்கினா பேஜாராயிடும்."

"போடா டேய். எத்தினி வருசமா தூவிக்கினு கீறேன், எனக்கே சொல்ல வந்துட்டான்."

சிரித்துவிட்டேன். அவரிடம் பேசி ஜெயித்தவன் யார்? பொட்டலத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான் செவ்வாப்பேட்டை வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

எழுத வரவில்லை.

அண்ணன் தூவிவிட்டார். நான் உள்ளே நுழையும்போது இரண்டாம் நம்பரில் குளக்கரை மேடு ஏறிக்கொண்டிருந்தார். "பாத்தியாடா, இன்னா இழுப்பு!" மேலே போய் ஆக்சிலேட்டரை விட்டார். பெல்ட் விடவில்லை. வண்டி இழுத்துக்கொண்டே போனது. பிரேக்கைப் பிடித்தார், திரும்பியது, சரிவில் கவிழ்ந்து அவர் மேலேயே விழுந்தது.

இடுப்பு எலும்பு முறிவு. திருவள்ளூர் பெரியாஸ்பத்திரி. தேவி அண்ணி அண்ணனின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

ஜூலை 28, திங்கள்

தூறல். முதலாளி போன். நாளை இன்சூரன்ஸ் ஆள் வண்டியைப் பார்க்க வருகிறாராம். "புது பெல்ட்டு போட்டு சுத்தமா வெய்யி." கேட்டபோது வாங்கித் தராத மனிதர். காக்களூர் கடைக்குப் போய் வாங்கி வந்தேன்.

கவரைத் திறந்தால் பெல்ட் ஓடும் புல்லி முழுக்க, குங்கிலியம் உருகிய மஞ்சள் பிசின். இன்சூரன்ஸ் ஆள் இதைப் பார்த்தால் கண்டதைத் தூவினான் என்று பழி அண்ணன் தலையில்தான் விழும். ஒரு பைசா தர மாட்டார்கள். ஸ்பிரிட் ஊற்றி, பிசின் போகும் வரை துடைத்தேன். புது பெல்ட்டை அம்புக்குறி சுழலும் பக்கம் இருக்கும்படி மாட்டி, விளிம்புக்குச் சமமாக ஏறும் வரை கையால் சுற்றினேன். வேலை சுத்தம்.

பழைய பெல்ட்டிலும் பிசின். குப்பையோடு போட்டுக் கொளுத்தினேன். தூறலில் எரிய மறுத்தது, டீசல் ஊற்றினேன். மனசு லேசானது. அண்ணனுக்கு என்னால் ஆனது.

ஜூலை 29, செவ்வாய்

இன்சூரன்ஸ்காரர் வந்தார். ஒரு சுற்று ஓட்டினார். "வண்டி நல்லாதானே இருக்கு?"

"அதான் சார் சொல்றேன்," என்றார் முதலாளி. "வண்டில ஒண்ணும் இல்ல. சொல்லாம கொள்ளாம எடுத்துக்கினு போயி கண்ணு மண்ணு தெரியாம ஓட்டிக்கீறான்."

பொறுக்கவில்லை. பெல்ட் தேய்ந்திருந்தது, வெள்ளிக்கிழமையே காட்டினேன் என்றேன். முதலாளிக்குக் கோபம்கூட வரவில்லை.

"எங்கடா அந்த பெல்ட்டு? எடுத்தா, சார் பாக்கட்டும்."

நேற்று கொளுத்திய குப்பையின் சாம்பலைப் பார்த்தேன். இன்சூரன்ஸ்காரர் என்னவோ எழுதிக்கொண்டார்.

சாப்பிடவில்லை. பாப்பா ஸ்கெட்ச் பேனா கேட்டாள். அவள் மேல் எரிந்து விழுந்தேன்.

ஜூலை 31, வியாழன்

வெயில். ஆஸ்பத்திரி. ஆபரேஷன் செய்தாலும் பழையபடி நடப்பது கஷ்டம் என்கிறார் டாக்டர். முதலாளி கைவிரித்துவிட்டார். பார்க்கிலிருந்து வேறு யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். குரலே இல்லை.

"வக்கீலாண்ட பேசிட்டேன்டா. பொடி தூவனத நானே சொல்லிடறேன், அது என் தப்பு. ஆனா தேஞ்ச பெல்ட்டுல ஓட்ட சொன்னது அவன்தானே? அந்த பெல்ட்டு ஒண்ணு போதும்னாரு. நீ எடுத்து வெச்சிருப்பன்னு சொல்லிட்டேன். கீதுல்ல?"

அண்ணி பிளாஸ்கிலிருந்து எனக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

"கீதுண்ணா" என்றேன்.