தொண்ணூற்று நாலு பைனலின் குரல்

ஜூன் 18, 2025. புதன்

காலையிலிருந்து மழை, மூடுபனி. என் விளையாட்டுச் சாமான் கடைக்கு எதிரே உள்ள பஸ் ஸ்டாண்டே தெரியவில்லை. மஞ்சுக்குள்ளிருந்து ஹாரன் சத்தம் மட்டும் வருகிறது. பூட்ஸ் வாங்க வந்தவர்கள் வழக்கம்போல டிவி முன்னால் நின்றுவிட்டார்கள். உலகக் கோப்பை ஆட்டமெல்லாம் பென்டிரைவில் வைத்திருக்கிறேன், யாரும் கேட்பதில்லை. மூணாறில் எல்லாருக்கும் வேண்டியது ஒரே ஆட்டம்தான். தொண்ணூற்று நாலு எஸ்டேட் கால்பந்துக் கோப்பை பைனல்.

கல்யாண வீடியோ எடுக்கிறவர் யாரோ எடுத்தது. பாதி நேரம் திரையில் வெள்ளைதான். பந்து எங்கே, யார் காலில் என்பதெல்லாம் மைக்கில் பேசுகிற அந்தக் குரல் சொல்லித்தான் தெரியும். "பந்து மேகத்துக்குள்ள போயிருக்கு, கொஞ்சம் பொறுங்க, எறங்கி வரும்." அந்த இடம் வரும்போது கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிடுகிறேன்.

அன்றைக்கு மைக்கில் பேச வேண்டியவர் வராததால் கூட்டத்தில் நின்ற ஒருவர் மைக்கை வாங்கிப் பேசினாராம். பெயர் யாருக்கும் ஞாபகமில்லை.

ஜூன் 19

எனக்கு முப்பத்தெட்டு. அந்தக் குரலுக்கு இருபத்தெட்டைத் தாண்டாது. இதைப் போய் எழுதி வைக்கிறேனே.

ஜூலை 2

வாலிபால் ஆடும் மகளுக்கு முட்டி உறை வாங்க ஒரு அக்கா வந்தார். மறையூர்க்காரர், பெயர் சாந்தம்மாள். அளவு பார்க்கக் கையில் எடுத்தவர் டிவியில் அந்தக் குரல் வந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"இது எங்க வீட்டுக்காரக சத்தம்லா."

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. திருடியவள் மாதிரி. எதைத் திருடினேன்?

உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் கணவர் சின்னமுத்து பஸ் கண்டக்டராக இருந்தவர். போன வருடத்துக்கு முந்தின வருடம் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையையே எடுத்துவிட்டார்களாம். மூச்சுகூடக் கழுத்தில் வைத்த துளை வழியாகத்தான்.

"வீட்ல ஒரே அமைதிம்மா. என் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்ல. கைய தட்டுவாக. மாட்டை வெரட்டுத மாதிரி இருக்கும், எனக்குப் பிடிக்காது. அவுகளுக்கும் பிடிக்காது."

ஆட்டத்தை அக்காவின் போனில் ஏற்றிக் கொடுத்தேன். "அவுகளுக்குத் தெரிய வேணாம். நான் அடுப்படில வச்சுக் கேட்டுக்கிடுதேன்" என்றார். போகும்போது போனை முந்தானையில் சுற்றிக்கொண்டார்.

ஜூலை 20

கனவு. மைதானம் முழுக்க மஞ்சு; புல் ஈரம் காலில் படுகிறது. குரல் யாரையோ கூப்பிடுகிறது. ஓடுகிறேன், ஓடுகிறேன். பக்கத்தில் போனதும்தான் பெயர் தெளிவாகக் கேட்கிறது. சாந்தா, சாந்தா என்று. விழித்தபின் ஏனோ வருத்தமில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா படுத்திருந்தேன்.

ஆகஸ்ட் 5

சாந்தம்மாள் அக்கா போனில் அழுதார். வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிட்டாராம். அரிசி களைந்துகொண்டிருந்தவரின் காதிலிருந்து இயர்போனை எடுத்துத் தன் காதில் வைத்துப் பார்த்திருக்கிறார். அப்புறம் போனில் எழுதிக் காட்டினாராம், 'அவன்கூடயே இருந்துக்கோ' என்று.

"அவன்னு எழுதியிருக்காக, கற்பகம். அவுகளையே அவுக."

நேற்றிலிருந்து சின்னமுத்து சாப்பிடவில்லையாம்.

என்ன வேலை பார்த்துட்டேன் நான்? ஒரு ஜெர்சியை வித்தமா, வீட்டுக்குப் போனமான்னு இருந்திருக்கலாம்ல?

ஆகஸ்ட் 6

கடை டிவியின் சத்தத்தை அணைத்துவிட்டேன். ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று எல்லாரிடமும் பொய்.

ஆகஸ்ட் 23

அவர் வந்தார். கழுத்தில் சுற்றியிருந்த துணியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நரைத்த மீசை, ஒல்லி உடம்பு. குரலுக்கு நான் வைத்திருந்த முகம் வேறு.

சத்தமில்லாத ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விரலை மேலே தூக்கினார். கூட்டு என்று. பயந்துகொண்டே கூட்டினேன். ஸ்டூலில் உட்கார்ந்து கடைசி வரை கேட்டார். கோல் விழுந்த இடத்தில் அவர் உதடும் சேர்ந்து அசைந்தது.

போனை எடுத்து எழுதிக் காட்டினார். 'நல்லாத்தான் பேசியிருக்கேன்.' கொஞ்சம் கழித்து, 'எனக்கும் இவனைப் பிடிக்கும். ஆனா இப்ப வீட்ல அவளைக் கூப்பிட இவனும் வரமாட்டான், என்னாலயும் முடியல.'

என் பார்வை கண்ணாடி அலமாரிப் பக்கம் போனது. ரெஃப்ரிகளுக்கான பேட்டரி விசில். வாயில் வைத்து ஊத வேண்டாம், கையில் பிடித்துப் பொத்தானை அமுக்கினால் போதும். எடுத்துக் கொடுத்தேன்.

"அமுக்கிப் பாருங்க அண்ணாச்சி."

அமுக்கினார். தெருவில் போன ஜீப் நின்றுவிட்டது. டிரைவர் எட்டிப் பார்த்தான். அண்ணாச்சி தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார், துளிச் சத்தமில்லாமல்.

செப்டம்பர் 14. ஞாயிறு

மறையூர் போனேன். இங்கே மழை, அங்கே வெயில். வேறு ஏதோ தேசத்தில் இறங்கியதுபோல இருந்தது. வெல்லப்பாகு காயும் வாசனை மைதானம் வரை வந்தது. எங்கள் மூணாறு தேயிலை ஃபாக்டரி ஆட்களுக்கும் மறையூர்க்காரர்களுக்கும் ஆட்டம். என் தம்பி மாரீஸ்வரனும் ஆடினான். நடுவர் சின்னமுத்து அண்ணாச்சி, கையில் அந்த பேட்டரி விசில்.

மாரிக்கு மஞ்சள் அட்டை. "நான் தொடக்கூட இல்ல அண்ணாச்சி" என்று பின்னாலேயே போனான். அவர் இன்னொரு தடவை அமுக்கினார். வாயை மூடிக்கொண்டு திரும்பிவிட்டான்.

அக்காவும் நானும் கோட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தோம். "ஆட்டத்துக்கு நீட்டா ஒரு விசில்" என்றார் அக்கா. "என்னைக் கூப்பிட ரெண்டு குட்டை. கொல்லையில நின்னாலும் கேக்கும்."

ஆட்டம் சூடாகப் போய்க்கொண்டிருக்கும்போது விசில் வந்தது. குட்டையாக ஒன்று. இன்னொன்று. ஆடுகிறவர்கள் யாருக்கு ஃபவுல் என்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். பந்து தன்பாட்டுக்கு உருண்டு வெளியே போனது.

அக்கா தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தார். சேலையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டார். "இந்தா வாரேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டே, கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் நடந்து போனார்.