கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

மகனுக்கு அம்மா எழுதுவது.

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்தான்: நான், உன் மனைவி, உன் தங்கை, அவள் புருஷன், வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்க வந்தவர், உன் மகள் சிட்டு. போனுக்குள் நீ. உனக்குத் தெரிந்தது போனுக்குள் தெரிந்தது மட்டும்தான். மீதியை நான் சொல்கிறேன்.

போனில் பேசலாமே என்று கேட்பாய். போன் அடித்தால் சிட்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். பதினோரு நாளாகிறது, ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் கொண்டுவந்து என் மடியில் வைக்கிறாள். அதுவும் என்னிடம் மட்டும்.

அன்றைக்கு நீ, "அப்பா முகத்தைப் பாரு"ன்னு நாலு தடவை சொன்னாய். அவள் பார்க்கவில்லை. உன் தங்கை அவள் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். இன்னொரு கையால் அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து அமுக்கினாள். உன் மனைவி உன் குரலுக்குப் பயந்து நின்றாள். மாப்பிள்ளை டீ குடித்துக்கொண்டிருந்தார். அந்த டம்ளரைக் கூட நான் மறக்க மாட்டேன். ரிப்பேர்காரர்தான் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, "விடுங்கம்மா, பிள்ளைக்கு வலிக்குது" என்றார். யாரோ ஒரு மனுஷன். உன் தங்கை விடவில்லை. அதற்குப் பிறகுதான் சிட்டு அவள் கையைக் கடித்தாள்.

பல் பதிந்த இடத்தை உன் தங்கை போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினாள். அவள் விரல் பதிந்த இடத்தை யார் போட்டோ எடுத்தார்கள்? ஆறு மாதத்தில் திருத்தித் தருகிறோம் என்கிற தங்கிப் படிக்கிற பள்ளி, அதற்கு ஒரு பேப்பர், வெள்ளிக்கிழமைக்குள் நீ கையெழுத்துப் போட வேண்டும் என்ற பேச்சு, எல்லாம் அந்தப் போட்டோவில் இருந்து வந்தது.

நாங்கள் கூட்டிப்போகிற கவுன்சலிங் பெண்ணுக்கு என்ன தகுதி இருக்கிறது என்று கேட்டாயே, நானே போய் நேராகக் கேட்டேன். எனக்கும் அவளை ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. முதல் நாள் வாங்க என்று கூடச் சொல்லவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை, எழுந்து போய் டியூப் லைட்டை அணைத்தாள். லைட் இரைகிறதாம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் சிட்டு காதில் இருந்து கையை எடுத்தாள். அதைப் பார்த்தேன்.

அவள் ஒளிக்காமல் சொன்னாள். படித்து முடித்து ஒன்பது வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்திருக்கிறாள். கண்ணைப் பார்த்தால் ஒரு மிட்டாய், கையை ஆட்டாமல் உட்கார்ந்தால் ஒரு ஸ்டிக்கர் என்று பிள்ளைகளைப் பழக்குகிற வேலை. கெட்டிக்காரி என்று பெயரும் வாங்கியிருக்கிறாள். அவளிடம் பழகிய ஒரு பிள்ளைக்குக் காதுக்குள் சீழ் வைத்துவிட்டதாம். மூன்று நாள் காய்ச்சலோடு வந்து, கையைக் கட்டி உட்கார்ந்து, கண்ணைப் பார்த்து, ஸ்டிக்கர் வாங்கிப் போயிருக்கிறது. நான்காம் நாள் விழுந்துவிட்டது. பிழைத்தது, ஒரு காது போய்விட்டது. "வலிச்சா சொல்லணும்னு நான் அதுக்குச் சொல்லிக் குடுக்கலம்மா. வலிச்சாலும் அசையாதேன்னு சொல்லிக் குடுத்திருக்கேன்" என்றாள். சொல்லும்போது அவள் கை இரண்டும் சிட்டுவின் கை மாதிரியே ஆடிக்கொண்டிருந்தது. மறைக்கவில்லை. முப்பத்திநாலு வயதில்தான் ஒரு டாக்டர் அவளுக்கே, நீயும் அந்தப் பிள்ளைகள் மாதிரிதான், உனக்கும் ஆட்டிசம் என்று சொன்னாராம்.

மூளை எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது, அதைத் திருத்துவது என் வேலை இல்லை, சிட்டுவுக்குத் தோதாக நாம் என்ன மாற்றலாம் என்று பார்ப்பதுதான் என் வேலை என்கிறாள். சிட்டு பேசவில்லையே என்று அழுதேன். பேசச் சொல்லிக் கெஞ்சாதீர்கள், டம்ளரை மடியில் வைப்பதும் பேச்சுதான், பதில் சொல்லுங்கள் என்றாள். எப்போது பேசுவாள் என்றதற்குத் தெரியாது என்றுவிட்டாள். தெரியாது என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். அதனால் நம்புகிறேன்.

எனக்குப் பயமெல்லாம் இதுதான். யார் தொட்டாலும் கையை உதறக்கூடாது என்று ஆறு மாதம் பழக்கிவிட்டால், பிறகு யார் தொட்டாலும் அவள் உதற மாட்டாள். கத்தவும் மாட்டாள். அவள் பெண் பிள்ளைடா.

அப்பா கண்டித்து வளர்த்ததால்தான் நான் ஆளானேன் என்று அன்றைக்குச் சொன்னாய். சந்தோஷம் வந்தால் நீயும் இரண்டு கையையும் உதறிக்கொண்டு நுனிக்காலில் ஓடுவாய். உனக்கு அது நினைவில்லை, எனக்கு இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஸ்கேலால் விரல் முட்டியில் விழும். ஏழு வயதில் இரும்பு கேட்டில் உன் விரல் மாட்டியது. யாரோ தெரியாமல் சாத்திவிட்டார்கள். நீ கத்தவில்லை, அப்படியே நின்றாய். ரத்தம் சொட்டுவதைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. வந்திருந்தவர்களிடம் உன் அப்பா, "பாத்தீங்களா, எப்படி நிக்கிறான் பாருங்க" என்றார். எல்லோரும் மெச்சினார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் உனக்கு வயிற்றுப் புண் வெடித்ததே, நான்கு நாள் வலியோடு வேலைக்குப் போயிருக்கிறாய். ஆபீஸில் இருந்து போன் வந்துதான் உன் மனைவிக்குத் தெரியும். அதுதான் நீ ஆளான லட்சணம்.

கையெழுத்துப் போடாதே. ஊருக்கு வா, வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார். பேச வேண்டாம், பார்க்கச் சொல்ல வேண்டாம். அவளாகக் கட்டிலுக்கு அடியில் இருந்து வருவாள், வரட்டும். எங்கேயாவது வலித்தால் வலிக்கிறது என்று யாரிடமாவது சொல்லு, என் ராசா. நீயும் உன் பிள்ளையும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

நான் வன்மம் பிடித்தவள் என்று உன் தங்கை சொல்கிறாள். பிடித்தவள்தான். ஆனால் அவள் மேல் உள்ள கோபம் நாளைக்கே தீர்ந்துவிடும், மாப்பிள்ளை மேல் உள்ளது கொஞ்ச நாளில் தீரும். அந்தக் கேட்டைச் சாத்தியவரைக் கூட என்றைக்கோ விட்டுவிட்டேன். நான் மன்னிக்காதது ஒருத்தரைத்தான். மாலை போட்ட போட்டோவுக்குத் தினமும் விளக்கேற்றுகிறேன், அப்போதும் மன்னிக்கவில்லை. உன் அப்பாவை.

இப்படிக்கு,
அம்மா